வண்டியின் அடிவயிற்றுக்கு ஒரு விளக்கு

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் ரத்த அழுத்தம், தங்கள் தங்கை, அவளுடைய லாரி நால்வரும் இருக்கிறோம். இதில் யார் யார் நலம் என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். அங்கு தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் மூக்கடைப்பும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் புறப்பட்டு இங்கு வர வேண்டும். வந்து, மூத்தவர் என்ற முறையில் உங்கள் தங்கையை உட்கார வைத்து, அந்த லாரியை விற்றுவிடச் சொல்ல வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவள் அடுத்த அறையிலிருந்து பதில் சொல்லிவிடுகிறாள். அதனால்தான் காகிதம்.

அந்த லாரியைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தவர் தாங்கள் என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன். "மாப்பிள்ளை, நாலு சக்கரமும் இழுக்கும், இது பாறை மேலகூட ஏறும்" என்றீர்கள். ஏறும் என்றுதான் சொன்னீர்களே தவிர, உங்கள் தங்கை ஏற்றுவாள் என்று சொல்லவில்லை. மாட்டு டாக்டர் என்றால் மாடு டாக்டரிடம் வரும் என்று நினைத்துத்தான் நான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். நானோ வேலை பார்த்த காலமெல்லாம் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்து, தாமதத்திற்கு வருந்துகிறோம், பாதை மாற்றத்திற்கு வருந்துகிறோம், ரத்துக்கு வருந்துகிறோம் என்று ஊருக்கெல்லாம் சேர்த்து வருந்தியவன். எனக்குத் தண்டவாளத்தில் ஓடுவதே பயம். தண்டவாளமும் இல்லாமல், ரோடும் இல்லாமல், கல்லும் சேறுமாக ஓடுகிற ஒன்றை எப்படி நம்புவது?

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மழை ஓய்ந்திருந்த ஒரு நாள், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் ஒரு மாட்டுக்கு மடி வீங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனவள் வைத்தியம் முடித்துத் திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. ஓடையின் நடுவில் வண்டிக்கு அடியில் பலமாக ஏதோ இடித்திருக்கிறது. முகப்பு விளக்கு இரண்டும் எதிர்க்கரையில் இருந்த மரத்தை இலை இலையாகக் காட்டிக்கொண்டிருந்தனவாம். சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று காட்டத்தான் நாதியில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் மல்லாந்து படுத்து, அடியில் தலையை நுழைத்துப் பார்த்தால், எஞ்சின் ஆயில் தொட்டியில் ஓட்டை விழுந்து அவள் நெற்றியிலேயே சொட்டியிருக்கிறது. இங்கே நான் ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் மாறி மாறிப் போன் செய்து, இரண்டு இடத்திலும் என் குரலை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டேன். கடைசியில் ஒரு பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்து இறங்கினாள். கதவைத் திறந்த நான், நெற்றி முதல் கால் வரை கறுப்பாக நின்ற உருவத்தைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம்கூடக் கழுவவில்லை. "ஏங்க, நம்ம வண்டிக்கு அடிவயித்துல லைட்டு போடணும்" என்றாள்.

"வித்துடலாம்" என்றேன்.

"லைட்டையா?"

"வண்டியை."

எழுந்திருக்க மறுக்கிற காளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, "நீங்களே ஒரு நல்ல லைட்டாப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. கல்லு படும், சேறு படும், தண்ணியில முங்கும், எதுக்கும் அசையாம எரியணும். எது எப்படியெல்லாம் கெட்டுப்போகும்னு இந்த வீட்டுலயே உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

மச்சான், அதோடு என் நிம்மதி போயிற்று. அதுவரை நான் வெறுமனே பயப்பட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சுதந்திரம் இருந்தது. இப்போது பயத்தோடு பொறுப்பையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டாள். ஓடையின் நடுவில் அவள் நிற்கும்போது அந்த விளக்கு அணைந்தால், அணைத்தது நான்தான் என்றாகிவிடுமே! ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் நான் சொல்ல வந்ததைக் கேட்கும் முன்பே, "எந்தக் கலர் சார்? நீலம் இருக்கு, ஊதா இருக்கு, மாறி மாறி எரியறது இருக்கு, பாட்டுக்கு ஏத்தாப்பல எரியறதுகூட இருக்கு" என்றார். "உறுதியா இருக்கணும்" என்றேன். "அப்ப மாறி மாறி எரியறதை எடுத்துக்குங்க. ஒரு கலர் போனாலும் இன்னொரு கலர் எரியும்" என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகப் பட்டது. ரிப்பன் மாதிரி நீளமாக, பின்பக்கம் பசை தடவிய ஒரு வஸ்துவைச் சுருட்டிக் கொடுத்தார். ஓடையிலிருந்து வண்டியை இழுத்து வந்து ஓட்டையை அடைத்தவனும், இதை மாட்டியவனும் எங்கள் மெக்கானிக்தான். எதைக் கேட்டாலும் "இதோ" என்பான். எப்போது வருவாய் என்றால் "இதோ", வேலை எப்போது முடியும் என்றால் "இதோ". அதனால் தெருவில் அவனுக்கு இதோ என்றே பெயர். இதோ வந்து, வண்டியின் அடியில் சேற்றைக்கூடத் துடைக்காமல், சேற்றின் மேலேயே அதை ஒட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் உங்கள் தங்கை ஒரு பட்டிக்கு ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போனாள். ஆடுகள் எல்லாம் சாதுவாக வரிசையில் நின்றிருக்கின்றன. பாவம், பொழுது சாய்கிறதே என்று இவள் அடி விளக்கைப் போட்டாள். முதலில் ஊதா எரிந்தது. ஆடுகள் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை எரிந்தது, காதைத் தூக்கின. சிவப்பு எரிந்ததும் வேலியைத் தாண்டி ஒரே ஓட்டம். ஊசி போடப் போனவள் ஆடு மேய்த்துவிட்டு வந்தாள். வந்த கையோடு, சர்வீஸ் நிலையத்தில் வண்டிக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சினார்கள். சேறும் பசையும் ரிப்பனும் ஒன்றாகப் பெயர்ந்து தரை வரைக்கும் தொங்க, அது அந்தக் கோலத்திலேயே பச்சை, சிவப்பு, ஊதா என்று எரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "குடல் சரிஞ்ச கேஸ்" என்றாள் உங்கள் தங்கை.  

சரி, இனிமேல் கடைக்காரர் வாயை நம்பக் கூடாது, நாமே சோதித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். பசை வேண்டாம், போல்ட்டு போட்டு முடுக்குகிற மாதிரி வேண்டும் என்று சொல்லி, சோப்பு டப்பா அளவில் சில விளக்குகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அட்டையில் 'தண்ணீர் புகாது' என்று போட்டிருந்த ஒன்றை வாளித் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க முக்கி வைத்தேன். எடுத்துப் பார்த்தால், தண்ணி புகுந்தது மட்டுமில்லை மச்சான், புகுந்த தண்ணி வெளியே வரவும் இல்லை. மீன் விட்டு வளர்க்கலாம் போல இருந்தது. இன்னொன்றை வெந்நீரில் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டேன். எஞ்சின் சூட்டில் இருக்கும்போது ஓடைத் தண்ணி பட்டால் அந்த மாதிரிதானே ஆகும்? பட்டென்று கண்ணாடியில் ஒரு விரிசல். உங்கள் தங்கை சமையலறைக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன, லைட்டுக்கு ஜுரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அலுமினிய உடம்பும் தடித்த கண்ணாடியும் உள்ள ஒன்று மட்டும் எல்லாவற்றையும் தாங்கியது. அது அடி தாங்குமா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போய்க் கீழே போட்டேன். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுத் தையல்காரம்மா துணிக்கூடையோடு கீழே வந்து நிற்பார் என்று யார் கண்டது? விளக்கு மெத்தென்று கூடையில் விழுந்தது. அந்தம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "சார், இந்தத் தலை இல்லாம நான் எப்படித் தைக்கிறது?" என்று கேட்கிறார். நான் மாடியிலிருந்தே, "மன்னிச்சுக்குங்கம்மா, அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க, துணி மேல விழுந்தது கணக்குல வராது, மறுபடி போடணும்" என்றேன். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான், இப்போது வரைக்கும் குழாயடியில் என்னைக் கண்டால் வாளியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்.

மறுபடி போட்டும் அது உடையாததால் அதே ரகத்தில் இன்னும் சில வாங்கினேன், அவற்றையும் இதோதான் மாட்டினான். இந்த முறை நானே பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தேன். பார்த்தும் என்ன பிரயோசனம்? ஸ்விட்ச் போட மறந்துவிட்டு, கைக்குக் கிடைத்த வயரில் கோத்துவிட்டான். அது ஹாரன் வயர். அதாவது மச்சான், அடியில வெளிச்சம் வேணும்னா ஹாரன் அடிக்கணும். ஹாரன் அடிக்கிறதை நிறுத்தினா இருட்டு. உங்க தங்கச்சி ஒரு பள்ளத்தைத் தாண்டுற வரைக்கும் கையை எடுக்காம ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்திருக்கா. முன்னால போன லாரிக்காரர் ஏதோ அவசரம் போலன்னு நினைச்சு வழி விட்டுட்டு, வேலிக்குள்ள இறங்கி நின்னுட்டாராம். ரெண்டு விளக்கைச் சைலன்சர் பக்கத்துலயே வெச்சிருந்தான், அதோட வயரெல்லாம் உருகி, வண்டி முழுக்கத் தீஞ்ச நாத்தம். நான் இதோவைக் கூப்பிட்டுக் கத்தினா, "சார், எரியுதா இல்லையா?" ங்கறான். எரியுதுடா, எது எதெல்லாம் எரியக் கூடாதோ அதெல்லாம் எரியுது!

அப்புறம் எல்லாத்தையும் கழட்டி, மறுபடி முதல்லேர்ந்து. வயரைக் குழாய்க்குள்ள விட்டு, சட்டத்தோட சேர்த்து இறுக்கிக் கட்டி, இணைக்கிற இடத்துல தண்ணி ஏறாம மெழுகு மாதிரி ஒண்ணை அடைச்சு, தனி ஸ்விட்ச், தனி ஃப்யூஸ், சைலன்சர்லேர்ந்து எட்ட, கல்லு நேரா வந்து மோதாத மாதிரி சட்டத்துக்கு உள்பக்கம், ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்த மாதிரி. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷரை என் கையாலயே போட்டேன். முதுகு பிடிச்சுக்கிட்டு, சாப்பிட உக்காரக்கூட முடியலை. சரி, முடிஞ்சது, இனிமே நிம்மதின்னு நான் நினைச்ச அன்னைக்குச் சாயங்காலமே அந்த ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் போன் பண்றார், மாடு கன்னு போட முடியாம தவிக்குது, கன்னோட கால் ஒண்ணு உள்ளேயே மடங்கி நிக்குதுன்னு. உங்க தங்கச்சி பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "வாங்க"ங்கறா.

"நான் எதுக்கு?"

"நீங்க தேர்ந்தெடுத்த லைட்டு. எரியுதா இல்லையான்னு நீங்களே வந்து பாருங்க. வீட்டுல உக்காந்து நிமிஷத்துக்கு ஒரு போன் பண்றதுக்குப் பக்கத்துல உக்காந்தே கேட்டுக்கிட்டு வாங்க, போன் சார்ஜாவது மிஞ்சும்."

போனேன். ரோடு முடியற இடம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். அதுக்கப்புறம் வண்டி இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது, வானம் தெரியுது, வானம் போயி மண்ணு தெரியுது. நான் கதவு மேல இருக்கிற கைப்பிடியைப் பிடிச்ச பிடியில அது கையோட வந்துடுச்சு. ஓடைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, "இறங்குங்க"ன்னா. சரி, என்னைத் திருப்பி அனுப்பப் போறா, பிழைச்சோம்னு இறங்கினா, "முன்னாடி போயி நின்னு சக்கரத்தைப் பாருங்க, எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்லுங்க. போன தடவை அடி வாங்கின அதே இடம்"ங்கறா. சொல்லிட்டு அந்த ஸ்விட்சைப் போட்டா.

மச்சான், ஒரு வண்டிக்குக் கீழே அவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாது. சாயம் இல்லாத, கண்ணைக் குத்தாத வெளிச்சம். ஈரக் கல்லு ஒவ்வொண்ணும் தன் நிழலோட உக்காந்திருக்கு. ஒரு சின்ன நண்டு கொடுக்கைத் தூக்கிக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போகுது. வலது பக்க முன் சக்கரம் ஒரு பலகைப் பாறை மேல நிக்குது. அந்தப் பாறை அரை அடி தள்ளி முடிஞ்சுடுது, அதுக்கப்புறம் பள்ளம், பள்ளத்துல தண்ணி. சீட்டுல உக்காந்திருக்கிறவளுக்கு இது எதுவும் தெரியாது.  "இடது பக்கம் ஒடி, இடது பக்கம் ஒடி!" ன்னு கத்தறேன்.

"உங்க இடதா, என் இடதா?"

"தெரியலையே!"

"அப்ப பேசாம இருங்க, நான் உத்தேசமாப் போறேன்!"

உத்தேசமாவா! அவ காலை ஆக்ஸிலரேட்டர்ல வைக்கிறது எனக்குச் சத்தத்துலயே தெரியுது. அப்போ எங்கேர்ந்துதான் வந்ததோ, என் பழைய குரல் வந்துடுச்சு மச்சான், அந்த ஒலிபெருக்கிக் குரல். அது வந்தா கைகால் நடுங்காது, நாக்கு குழறாது. "கனிவான கவனத்திற்கு. வண்டியின் வலது முன் சக்கரம் பாறையின் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தனது இடது கைப்பக்கம் முழுவதுமாகத் திருப்பி, மிக மெதுவாக முன்னேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்றேன். ரெண்டு கரையும் அதைத் திருப்பிச் சொல்லுது. வண்டி திரும்பிச்சு. சக்கரம் விளிம்பை விட்டு விலகி, ஒரு கல்லைக் கவ்வி, இன்னொரு கல்லைக் கவ்வி ஏறுது. சக்கரத்துல மாட்டின ஒரு கல்லு தெறிச்சு, விளக்கு மேல நேரா போயி அடிச்சுது. நான் கண்ணை மூடிட்டேன். கொஞ்ச நேரம் திறக்கவே தைரியம் வரலை. திறந்து பார்த்தா, மச்சான், எரியுது. கண்ணாடியில ஒரு கீறல், அவ்வளவுதான். வண்டி அக்கரையில நிக்குது, உள்ளே உங்க தங்கச்சி ஸ்டியரிங் மேல தலையை வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறா, "சிரமத்துக்கு வருந்தலையா?"ன்னு கேட்டுக்கிட்டு.

பண்ணையில கரண்டு இல்லை. மாடு முற்றத்துலயே படுத்துடுச்சு. முகப்பு விளக்கைப் போட்டா அது மிரண்டு காலை உதைக்குது. "பெரிய லைட்டை அணைங்க. அடியில இருக்கிறது மட்டும் எரியட்டும்"னா. வண்டியைப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்தி, தரையோட தரையா வர்ற அந்த வெளிச்சத்துல முட்டி போட்டு உக்காந்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, "இதோ ஆச்சு தாயி, இதோ ஆச்சு"ன்னு மாட்டுக்கிட்டப் பேசிக்கிட்டே மடங்கின காலை நிமிர்த்தினா. எனக்கு மாட்டைப் பார்க்கறதா, அவளைப் பார்க்கறதா, லைட்டைப் பார்க்கறதான்னு தெரியலை. அணைஞ்சுடுமோ, அணைஞ்சுடுமோன்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தேன். கன்னு வழுக்கிக்கிட்டு வந்து விழுந்துது. அசையாமக் கிடந்துது. அவ மூக்கைத் துடைச்சு, வைக்கோலை வெச்சுத் தேய்தேய்னு தேய்ச்சா. அப்புறம் அது தும்மிச்சு. பண்ணைக்காரர் தலைத்துண்டால முகத்தை மூடிக்கிட்டுத் திரும்பி நின்னார். உங்க தங்கச்சி என்னைப் பார்த்து, "நல்ல லைட்டுங்க"ன்னா. இத்தனை வருஷத்துல நான் வாங்கிட்டு வந்த எதையும், ஒரு கத்தரிக்காயைக்கூட, அவ நல்லதுன்னு சொன்னதில்லை.

ஆகையினால், மச்சான் அவர்களே, வண்டியை உடனே விற்றாக வேண்டும். அந்த ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். நான் இறங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால்? அடுத்த முறை நான் இல்லாமல் போனால்? விளக்கு கீழே இருப்பதைக் காட்டுமே தவிர, கீழே இருப்பதை எடுத்துவிடாதே! ஊருக்குள்ளேயே எத்தனையோ நாயும் பூனையும் இருக்கின்றன. அவை தாமாகவே நடந்து வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போகும். தங்கள் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லையும் அவள் கேட்கமாட்டாள். தங்கள் சொல்லைக் கேட்டதாகவும் எனக்கு ஞாபகமில்லை. இருந்தாலும் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எந்த வண்டியில் போனாலும் தார் போட்ட வழியாகவே போய், வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
நாலு சக்கரமும் நிற்கும்போது மட்டும் நிம்மதியாக இருக்கும்,
தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையில் போடப் போன நேரத்தில் உங்கள் தங்கை வந்து இதை முழுக்கப் படித்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று தயாராக நின்றேன். அவளோ, "சரி, வித்துடலாம். நீங்க இப்படிப் பயந்து சாகறதுக்கு எனக்கு எதுக்கு வண்டி?" என்று சொல்லி, அங்கேயே இதோவுக்குப் போன் போட்டாள். அவன் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உடனே வந்தான், கூடவே வாங்குகிற ஆளையும் அழைத்துக்கொண்டு. அந்த ஆள் டயரை உதைத்துப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார், அப்புறம் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "இது என்ன தேவையில்லாம? இதையெல்லாம் பேத்துப் போட்டுட்டு, கலர் கலரா ரிப்பன் ஒட்டிக்கலாம்" என்று சொல்லி, கீறல் விழுந்த அந்த விளக்கை ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். எனக்கு என்ன வந்ததென்றே தெரியவில்லை மச்சான். "கையை எடுய்யா! வண்டி விக்கிறதுக்கில்லை!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் வண்டிக்கு அடியில் தலையை இடித்துக்கொண்டார். உங்கள் தங்கை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, "ஏங்க, நீங்கதானே அண்ணனுக்கு..." என்று ஆரம்பித்தாள். "நான் யாருக்கும் எதுவும் எழுதலை" என்று சொல்லிவிட்டேன்.

எனவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். மலைமேல் ஆடுகளுக்குத் தடுப்பூசி, ரெண்டு பேரும் போகிறோம். இதைக் கிழித்துப் போடலாம் என்றுதான் பார்த்தேன், உங்கள் தங்கை விடவில்லை. "அனுப்புங்க, எங்க அண்ணனும் கொஞ்சம் பயப்படட்டும்" என்கிறாள். இப்போது அந்தப் பண்ணைக் கன்றைப் பார்த்து வர வாசலில் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடிக்கிறாள். நான் போயாக வேண்டும். இன்றைக்கு ஓடை வரைக்கும் ஓட்டப் போவது நான்தானாம்.